குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?

ரொம்ப நாளாக உள்ளே புகைந்துகொண்டிருந்த விஷயம். போன மாதம் ஒரு மதியச் சாப்பாட்டில் பற்றிக்கொண்டது.

அகமதாபாத் மணிநகர் பக்கம் நம்மவர்கள் நிறைய. மில்கள் ஓடிய காலத்தில் பிழைக்க வந்த குடும்பங்கள் ஒரு பக்கம், என்னைப் போல டிரான்ஸ்ஃபரில் வந்து இங்கேயே மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வத்தக்குழம்பு, அப்பளம், அப்புறம் அரசியல். அன்றைக்கு எஃப்.டி. வட்டியில் ஆரம்பித்த பேச்சு எப்படியோ அங்கன்வாடியில் வந்து நின்றது. மத்திய அரசு வேலையிலிருந்து ரிட்டயரான ஒரு பெரியவர் (நான் மதிக்கிறவர், பெயர் வேண்டாம்) சொன்னார்: "எல்லாம் ஓட்டுக்காக சார். பெத்தவங்க பாத்துக்க வேண்டிய பிள்ளைய கவர்மென்ட் எதுக்குப் பாத்துக்கணும்? நம்ம வரிப்பணம்தானே போகுது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடப் போன வீட்டில் வம்பு வளர்க்கக்கூடாது என்பது அம்மா சொல்லிக்கொடுத்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பெரியவர் அன்று தனியாகத்தான் வந்திருந்தார். அவர் மனைவி நாலு மாதமாக பெங்களூரில். மகளுக்கு பிரசவ லீவு முடிந்துவிட்டது, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இவர் இங்கே காலையில் பிரெட், ராத்திரி கிச்சடி என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார். மகள் வேலைக்குப் போவதற்கு அந்தக் குடும்பம் கொடுக்கிற விலை அது. வரிப்பணத்தைப் பற்றிப் பேசிய மனுஷர் இந்த விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் அதற்கு ரசீது கிடையாது.

நான் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை வரவு, செலவு, ஐந்தொகை. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இதைப் பார்க்கிறேன். முதலில் என் வீட்டுக் கணக்கு.

மகள் பிறந்தது 2012-ல். மனைவி அப்போது இங்கே ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டப்படி பிரசவ விடுப்பு அப்போது 12 வாரம்தான். (26 வாரம் ஆனது 2017-ல்.) மூன்று மாதக் குழந்தையை யாரிடம் விடுவது? நம்மவர்கள் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். ஊரிலிருந்து அம்மாவை நவஜீவனில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

இரண்டரை வருஷம். மூணாவது மாடி, பாஷை தெரியாது, பேச ஆள் கிடையாது. கீழே காய்கறி வண்டிக்காரனிடம் கைஜாடையில் கத்திரிக்காய் வாங்குவாள். சாயங்காலம் பால்கனியில் நின்றுகொண்டு, "ஏய்யா, இந்த ஊருல சாயங்காலம் யாரும் வாசல்ல உக்கார மாட்டாகளா?" என்று கேட்பாள். அப்பா சாத்தூர் பக்கம் கிராமத்தில் தனியாக. ஓட்டல் சாப்பாடு, நேரம் தவறின மாத்திரை. 2014 கடைசியில் சர்க்கரை ஏறி, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அம்மா அழுதுகொண்டே ரயில் ஏறினாள். பேத்தியை விட்டுப் போகிற அழுகையா, இத்தனை நாள் அவரை விட்டுவிட்டோமே என்ற அழுகையா, நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

அதற்கப்புறம் ஒரு டே-கேரில் சேர்த்தோம். ஆறு வாரம். ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் போய் நின்றேன். ஒரே அறையில் இருபது குழந்தைகள், சுவரில் டி.வி., பார்த்துக்கொள்ள பதினைந்து வயசு இருக்கும் ஒரு பெண். என் மகள் டி.வி.க்கு முன்னால் ஈர ஜட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணைத் திட்டவும் மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டியவள் அவள்.

2015 மார்ச்சில் மனைவி ராஜினாமா எழுதிக்கொடுத்தாள். அதே வருஷம் எனக்கு ப்ரோமோஷன் வந்தது. வீட்டில் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடினோம். எதற்குக் கொண்டாடினோம் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

அவள் திரும்ப வேலைக்குப் போனது 2021-ல். ஆறு வருஷம். கடைசியாக வாங்கியது 22,000. இன்க்ரிமென்ட் ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 72 மாதத்துக்கு 15,84,000 ரூபாய். பி.எஃப். தனி. திரும்பப் போனபோது கொடுத்தது 20,000. கூடவே சேர்ந்த பெண் அப்போது அறுபதாயிரத்தில் இருந்தாள். இந்த இடைவெளி அவள் ரிட்டயராகும் வரை கூடவே வரும். சரி, எங்கள் வீட்டு நஷ்டம் எங்களோடு போகட்டும். ஆனால் அவள் கட்டியிருக்கவேண்டிய வருமான வரி? அந்தச் சம்பளத்தில் வாங்கியிருக்கக்கூடிய சாமான்களுக்கு வரி? "நம்ம வரிப்பணம்" என்று பேசுகிறவர்கள் வராமல் போன வரிப்பணத்தை எந்தப் பத்தியில் எழுதுகிறார்கள்?

நிற்க. இது நடுத்தர வர்க்கத்துப் புலம்பல், எங்களுக்காவது சோற்றுக்குப் பஞ்சமில்லை. அடுத்தது என் கேபினுக்கு வந்த கணக்கு.

சில வருஷம் முன்பு நான் மேனேஜராக இருந்த கிளையில் ஒரு பெண்ணுக்கு முத்ரா கடன் கொடுத்தேன். சிசு பிரிவு, அதாவது ஐம்பதாயிரம் வரை. தையல் வேலை. கடைகளிலிருந்து துணி எடுத்துவந்து வீட்டில் தைத்துக்கொடுப்பது. நல்ல கை. மெஷின் வாங்கினாள், முதல் நாலு தவணை டாண் டாண் என்று வந்தது. ஐந்தாவது வரவில்லை, ஆறாவது வரவில்லை. நேரில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவளே வந்தாள். கூட ஒன்பது வயசு மகள். அந்த மகள் இடுப்பில் ஒரு வயசுத் தம்பி. புதன்கிழமை, காலை பதினோரு மணி.

"பென், இவ ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டேன். (இங்கே எல்லாப் பெண்களும் பென்தான், நம் ஊர் அக்கா மாதிரி.) போய்க்கொண்டிருந்தாளாம். மாமியார் இருந்தவரை குழந்தையை அவர் பார்த்துக்கொண்டார். மாமியார் போனபிறகு இரண்டு மாதம் இவள் தைக்கவே முடியவில்லை, தவணை நின்றது. இப்போது மகளை நிறுத்திவிட்டாளாம். "இனிமேல் தவணை சரியாக வந்துவிடும் சாகேப்" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

சொன்ன மாதிரியே வந்தது. அந்தக் கணக்கு கடைசி ரூபாய் வரை வசூல். என் ஏட்டில் சுத்தமான கடன், ஆடிட்டில் ஒரு கேள்வி கிடையாது. ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி தன் நாலாங்கிளாஸைக் கொடுத்து அதைச் சுத்தமாக வைத்திருந்தாள். மெஷின் விலை, துணி, நூல், கரண்ட் பில், எதிர்பார்க்கும் லாபம், எல்லாவற்றுக்கும் எங்கள் அப்ளிகேஷனில் கட்டம் உண்டு. வேலை செய்யும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்குக் கட்டம் கிடையாது. நூற்றுக்கணக்கில் பெண்களுக்கு சாங்ஷன் செய்திருக்கிறேன். ஒருத்தியிடம்கூட நான் கேட்டதில்லை.

இதே ஊரில் ஐம்பது வருஷம் முன்பே இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். இலாபென் பட் 1972-ல் சேவா சங்கத்தைத் தொடங்கினார், 1974-ல் அந்தப் பெண்களே சேர்ந்து சேவா வங்கியை ஆரம்பித்தார்கள். காய்கறி விற்கிறவளும் தலைச்சுமை தூக்குகிறவளும் கடன் வாங்கித் தொழில் செய்யவேண்டுமானால் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டும் என்று காப்பகங்கள் நடத்தினார்கள். காப்பகத்தில் வேலை செய்கிற பெண்களுக்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். என்னைப் போன்ற பெரிய வங்கிக்காரர்கள் இதை ஏதோ தர்ம காரியம் என்று நினைத்துக்கொண்டோம். அது சுத்தமான கிரெடிட் அப்ரைசல்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். குச்சி அடுக்கும் வேலை, எத்தனை சட்டம் அடுக்குகிறோமோ அத்தனைக்குக் காசு. அக்கா என்னைவிட ஐந்து வயசு பெரியவள். நான் பிறந்ததும் என்னைத் தூக்கிக்கொண்டு திரிகிற வேலை அவளுக்கு. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற பேச்சே இல்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சோறு. எங்கள் ஊருக்கும் பால்வாடி வந்தது. இரண்டரை வயசில் என்னை அங்கே விட்டார்கள். சோறும் பருப்பும்தான், அப்போது முட்டையெல்லாம் கிடையாது. பாய் விரித்துத் தூங்கவைப்பார்கள். ஆயாவின் சேலை வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து நேராக வந்து தூக்கிக்கொண்டு போவாள்.

நான் பால்வாடிக்குப் போன வருஷம்தான் அக்கா ஒண்ணாங்கிளாஸ் போனாள், எட்டு வயசில். இன்றைக்கு அவள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கொரோனா காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஊசி போட்டவள். நான் வங்கியில். இரண்டு பேரும் மாதாமாதம் வருமான வரி கட்டுகிறோம். அன்றைக்கும் கஜானா காலியாகிவிடும் என்று பேசியவர்கள் உண்டு. அரசாங்கம் எனக்குப் போட்ட சோற்றையும் பருப்பையும் நான் எத்தனை மடங்காகத் திருப்பிக் கட்டியிருக்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு கடன் என் கிளையில் இருந்திருந்தால் எனக்கு அவார்டே கொடுத்திருப்பார்கள்.

சரி, ஒரு வீட்டுக் கதை ஆதாரம் ஆகாது. நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

ஐ.சி.டி.எஸ். என்கிற இந்த அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. வெறும் 33 வட்டாரங்களில். இன்று நாடு முழுக்க சுமார் 14 லட்சம் மையங்கள். உலகத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேறு எங்கே இருக்கிறது? ஆனால் இதற்கு நாம் ஒதுக்குகிற பணத்தைப் பாருங்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் அங்கன்வாடியும் போஷணும் சேர்ந்து 21,960 கோடி. அதே பட்ஜெட் உரையில் பயனடையும் குழந்தைகள் 8 கோடிக்கு மேல் என்றார்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரிளம் பெண்கள் எல்லோரையும் விட்டுவிட்டு முழுப் பணத்தையும் குழந்தைகளுக்கே வகுத்தாலும், தலைக்கு வருஷத்துக்கு 2,745 ரூபாய். நாளைக்கு ஏழரை ரூபாய். மாநிலங்கள் தங்கள் பங்கைத் தனியாகப் போடுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். அதைச் சேர்த்தாலும் நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு வேளை பிஸ்கட் பாக்கெட்டைத் தாண்டாது. குழந்தைக்குச் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு 8 ரூபாய் என்று 2017-ல் நிர்ணயித்தார்கள். அதற்கப்புறம் பருப்பு விலை என்ன ஆயிற்று என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். 2025 பட்ஜெட் உரையில்தான் அதை உயர்த்துவோம் என்று ஒரு வரி வந்தது.

காசில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். வருஷத்துக்கு 1,45,000 கோடி வருமானம் குறையும் என்று அறிவித்தது நிதி அமைச்சரேதான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சானந்தில் 2023-ல் மைக்ரான் சிப் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 22,500 கோடி ப்ராஜெக்ட். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு. ஆக, பதினைந்தாயிரம் கோடிக்கு மேல் நம் பணம். நேரடி வேலை 5,000 பேருக்கு என்றார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு மூன்று கோடி. மறைமுக வேலை 15,000 என்பதையும் சேர்த்தால் எண்பது லட்சத்துக்கு இறங்கும். சிப் ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் அதற்குப் பெயர் முதலீடு, அங்கன்வாடிக்குப் பெயர் இலவசமா? ஒரு ஆலைக்குக் கொடுக்கும் மானியம் நாடு முழுக்க உள்ள அங்கன்வாடிகளின் ஒரு வருஷ மத்திய ஒதுக்கீட்டில் முக்கால்வாசி வருகிறது. இதைப் பற்றி அந்தச் சாப்பாட்டு மேஜையில் யாரும் வரிப்பணம் என்று முனகியதை நான் கேட்டதில்லை.

அடுத்து ரிட்டர்ன். நம்மவர்களுக்கு அமெரிக்கா சொன்னால்தான் வேதவாக்கு, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1960-களில் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் நல்ல பாலர் பள்ளி கொடுத்தார்கள். பெர்ரி பாலர் பள்ளித் திட்டம் என்று பெயர். நாற்பது வயசு வரை விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 2000-ல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் ஹெக்மனும் அவர் குழுவும் அந்த விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வருவாய் என்று வந்தது. இது விலைவாசி உயர்வு போக. உங்கள் எஃப்.டி.யில் விலைவாசியும் வரியும் போக என்ன மிஞ்சுகிறது என்று பாஸ்புக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

123 குழந்தைகள் ஒரு கணக்கா என்று கேட்பீர்கள். நியாயம். அப்படியானால் நம் ஊருக்கே வருவோம். தமிழ்நாட்டில் 640 அங்கன்வாடிகளில் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். செய்தது ரொம்ப எளிமையான காரியம். பாதி மையங்களில் பாதி நேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் அவர் வேலை. அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரம் இரண்டு மடங்காயிற்று. ஒன்றரை வருஷத்தில் கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னுக்கு வந்தார்கள். இன்னொரு விஷயம் நடந்தது, அதுதான் எனக்குப் பிடித்தது. பழைய ஊழியருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்ததால் சத்துணவு வேலை ஒழுங்காக நடந்து, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கூடுதலாகச் சம்பாதிக்கப்போவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து பார்த்தால் செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு. ஒன்றுக்குப் பதிமூன்று! என் சர்வீசில் இப்படி ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வந்ததில்லை. வந்திருந்தால் ஃப்ராடு என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

அதற்காக, எப்படியாவது நாலு சுவரும் ஒரு பூட்டும் போட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். கனடாவில் கியூபெக் மாகாணம் 1997-ல் நாளைக்கு 5 டாலருக்குக் காப்பகம் என்று ஆரம்பித்தது. தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குத் திரும்பினார்கள், மாகாணத்துக்கு வரியும் வந்தது. ஆனால் அவசர அவசரமாகத் திறந்ததில் பல இடங்களில் தரம் போதவில்லை. பிள்ளைகளின் நடத்தையிலும் மனநிலையிலும் பாதிப்பு தெரிந்ததாக ஆய்வுகள் வந்தன. மலிவாக மட்டும் செய்தால் இதுதான் கதி. இருபது குழந்தைக்கு ஒரு பதினைந்து வயசுப் பெண் என்று நான் கண்ணால் பார்த்ததும் அதே கதைதான்.

மலிவு என்றதும் எங்கள் பக்கத்துத் தெரு அங்கன்வாடி பென் ஞாபகம் வருகிறார். காலையில் குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருகிற உதவியாளருக்கு இங்கே தேடாகர் என்று பெயர், குழந்தையை வாரித் தூக்குகிறவள் என்று அர்த்தம் வரும். எவ்வளவு அழகான பெயர்! சம்பளம்தான் அழகாக இல்லை. சம்பளம் என்றே சொல்லக்கூடாதாம், மதிப்பூதியமாம். மத்திய அரசு தருவது 2018 அக்டோபரிலிருந்து ஊழியருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250. அதற்குமேல் மாநிலம் தன் பங்கைப் போடும். இந்தத் தொகைக்கு சமைக்கணும், பாட்டு சொல்லிக்கொடுக்கணும், எடை பார்க்கணும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போகணும், தேர்தல் வேலை பார்க்கணும், 2021-லிருந்து போஷண் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்றணும். பணிக்கொடைகூட உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் கிடைத்தது. இந்த குஜராத்தின் தாஹோத் மாவட்டத்திலிருந்து போன வழக்கு, 2022 ஏப்ரலில் தீர்ப்பு. 2025 ஆகஸ்டில் குஜராத் உயர்நீதிமன்றம் ஊழியருக்கு 24,800, உதவியாளருக்கு 20,300 கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தபோது என் நண்பர் ஒருவர், "இவங்களுக்கு இவ்வளவா?" என்று வாட்ஸப்பில் போட்டார். அவர் வீட்டு நாய்க்குப் பயிற்சி கொடுக்க வருகிறவருக்கு என்ன கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

"அரசாங்கம் நடத்தினா உருப்படாது சார், தனியார்ட்ட விடணும்" என்பது அடுத்த பாட்டு. தனியாரில் நல்லவை இருக்கின்றன, மாசம் பன்னிரண்டாயிரம் பதினைந்தாயிரம் கொடுக்க முடிந்தவர்களுக்கு. தையல்காரப் பென்னின் மொத்த வருமானமே அவ்வளவுதான். முதலாளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றால், 2017 திருத்தத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்று வந்தது, புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே ஐம்பதுதான். வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கும் மூட்டை தூக்குகிறவளுக்கும் எந்த ஐம்பது? என் மனைவி வேலை பார்த்த இடத்திலேயே நாற்பது பேர்தான்.

"பெத்தவதான் வளக்கணும்" என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர்கள் வீட்டில் எத்தனை பாட்டிகள் எத்தனை ஊர்களுக்கு ரயில் ஏறியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இன்றைய அங்கன்வாடியில் இரண்டு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒன்று, மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அங்கே இடம் கிடையாது. வீட்டுக்கு சத்துமாவு பாக்கெட் கொடுப்பார்கள், இங்கே பாலசக்தி என்று பெயர். மாவு சரி, பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? ஆறு வயசுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். எழுதிவிட்டு முதல் மூன்று வருஷத்துக்கு மாவு பாக்கெட்! இரண்டாவது, மூன்று வயசுக்கு மேலே உள்ளவர்களையும் பெரும்பாலான இடங்களில் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எந்தத் தாய்க்கு மத்தியானம் வேலை முடிகிறது? அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் பால்னா என்ற திட்டம் 2022-ல் வந்தது. யோசனை நல்ல யோசனை. ஆனால் அதில் பேசுவதே ஆயிரக்கணக்கில்தான், மையங்கள் இருப்பதோ பதினான்கு லட்சம்.

ஒவ்வொரு நகர வார்டிலும் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்கிற ஓர் இடம். கூடுதலாக இரண்டு ஊழியர், மரியாதையான சம்பளம். ஏழைக்கு மட்டும் என்று போர்டு வைக்கவேண்டாம். நம் பிள்ளைகளும் போகட்டும், முடிந்தவர்கள் பணம் கட்டட்டும். நம்மைப் போன்றவர்கள் பிள்ளையைக் கொண்டுவிடுகிற இடத்தில்தான் ஃபேன் ஓடுகிறதா, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று நாலு பேர் கேள்வி கேட்போம். கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்டில் கையெழுத்துக்குப் போனபோது முதலில் போட்டவர்கள் மூன்று பாட்டிகள். ஒருவர் ராஜபாளையம், ஒருவர் ஸ்ரீகாகுளம், ஒருவர் ராஜ்கோட். எனக்குத் தெரிந்த அரைகுறை குஜராத்தியிலும் ஹிந்தியிலும் விளக்கினேன். மூன்று பேருமே விளக்கம் முடிகிற வரை காத்திருக்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன் அந்தப் பெரியவருக்கும் போன் செய்தேன். சண்டைக்கு இல்லை, சும்மா விசாரிக்கத்தான். வீட்டில் அம்மா எப்போது வருகிறார்கள் என்று கேட்டேன்.

"எங்க சார், பேத்திக்கு இப்பதான் ஏழு மாசம். ரெண்டரை வயசு ஆகணும், ப்ளே ஸ்கூல்ல சேத்துட்டுத்தான் வருவா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும் என்று என் மனைவியிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.